எங்கிருந்தும் வராத பணம்: மாண்ட்கோமரியில் 381 நாள் சோராமல் நடந்தவர்கள்

பதினான்கு டாலர். வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் பிழைத்த சில பெண்கள், கையில் இருந்ததைப் போட்டுச் சேர்த்த பணம் அது. அதில் கோழியும் ரொட்டியும் வாங்கினார்கள். கோழியைப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து, தேவாலயத்தில் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களிடம் விற்றார்கள். கிடைத்த காசை அப்படியே போராட்ட நிதியில் சேர்த்தார்கள். 1955 டிசம்பர், அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரி. முன்னால் நின்று இதைச் செய்தவர் ஜார்ஜியா கில்மோர். அப்போது அவருக்கு வயது 35. ஆறு பிள்ளைகளுக்குத் தாய். உணவகம் ஒன்றில் சமையல் வேலை, இடையில் பிரசவம் பார்க்கும் வேலையும் உண்டு.

கறுப்பின மக்கள் தங்களை அவமதித்த நகரப் பேருந்துகளில் ஏற மறுத்த அந்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு என்றதும் ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் என்ற இரண்டு பெயர்கள் நமக்கு நினைவுக்கு வரும். அந்த வரலாற்றை நானும் பல வருடம் அப்படித்தான் படித்தேன்: ஒருவர் எழ மறுத்தார், ஒருவர் பேசினார், நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொத்தடிமைத் தொழிலாளர் மீட்பு வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. இத்தனை வருடத்தில் நல்ல மனிதர்கள் எத்தனையோ பேர் பாதியில் விட்டுப் போனதைப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் அதே வரலாற்றை எடுத்தால் வேறு கேள்விதான் வருகிறது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழை மக்கள் குளிரிலும் மழையிலும் வெயிலிலும் ஒரு வருடத்துக்கு மேல் நடந்திருக்கிறார்கள். அவர்கள் மனம் எப்படிக் கசந்து போகாமல் இருந்தது? அதைவிட முக்கியமாக, யாருக்குக் கசந்தது, யார் உடைந்து போனார்கள், ஏன்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களப்பணியாளர்களின் மனச்சோர்வைப் பற்றி எங்களுக்குப் பயிற்சி கொடுக்க அவ்வப்போது யாராவது வருவார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள், நன்றிக் குறிப்பு எழுதச் சொல்வார்கள், உங்கள் மகிழ்ச்சி உங்கள் கையில்தான் என்பார்கள். மூச்சுப் பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மிரட்டல் போன் வரும்போது அந்த அறையில் நாம் தனியாக இருக்கிறோமா, கூட யாராவது இருக்கிறார்களா என்பதுதான் நம் மனநிலையைத் தீர்மானிக்கிறது. எங்கள் அனுபவம் இது. மாண்ட்கோமரியும் இதையேதான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

பேருந்தும் ஊரும்

மாண்ட்கோமரி பேருந்துகளில் முன்பக்கத்துப் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டும். அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பின மக்கள் அங்கே உட்காரக் கூடாது. நடுப்பகுதியில் உட்கார்ந்திருந்தாலும், வெள்ளையர் ஒருவர் ஏறினால் அந்த வரிசையே எழுந்துகொள்ள வேண்டும். இதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கிப் பின்வாசலுக்கு நடந்துபோய் ஏற வேண்டும். ஆள் இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடும் ஓட்டுநர்கள் உண்டு. 1955 அக்டோபரில் ஜார்ஜியா கில்மோருக்கு அதுதான் நடந்தது. காசு போனது, வண்டியும் போனது. இனி இந்த ஊர்ப் பேருந்தில் ஏறுவதில்லை என்று அன்றைக்கே அவர் முடிவெடுத்தார். வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானது அதற்குப் பிறகு, டிசம்பர் 1ஆம் தேதி.

அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் அலபாமா ஸ்டேட் கல்லூரியில் உட்கார்ந்து, சக ஆசிரியர் ஒருவரோடும் இரண்டு மாணவர்களோடும் பல்லாயிரம் நோட்டீஸ்களைச் சைக்ளோஸ்டைல் செய்தார். அவர் அங்கே ஆங்கிலப் பேராசிரியை, பெண்கள் அரசியல் கவுன்சிலின் தலைவர். டிசம்பர் 5, திங்கட்கிழமை. பேருந்துகள் காலியாக ஓடின. ஒரு நாள் புறக்கணிப்பு என்றுதான் தொடங்கினார்கள், அது 1956 டிசம்பர் 20 வரை நீண்டது. பேருந்துப் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள் என்பதால் கம்பெனிக்கு அடி பலமாக விழுந்தது.

முதலில் கேட்டது என்ன தெரியுமா? ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும். முதலில் வந்தவருக்கு முதலில் இடம், கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் நிரப்பிக்கொண்டு வரட்டும். கறுப்பினப் பகுதிகளுக்குப் போகும் வண்டிகளில் கறுப்பின ஓட்டுநர்களை வையுங்கள். அவ்வளவுதான். பிரிவினையை ஒழி என்றுகூடக் கேட்கவில்லை. அந்தச் சின்னக் கோரிக்கையையும் நகராட்சி மறுத்தது.

போக்குவரத்துக்கு மாற்று ஏற்பாட்டை மிகக் கவனமாகச் செய்தார்கள். சுமார் 300 கார்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட ஏறுமிடங்கள். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டணம் கிடையாது. பெட்ரோல், டயர், ரிப்பேர் என்று செலவு வாராவாரம் ஓடிக்கொண்டே இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் காப்பீட்டை ரத்து செய்தபோது, லண்டன் லாயிட்ஸ் வரை போய்க் காப்பீடு வாங்கினார்கள். கோழி விற்ற காசு போய்ச் சேர்ந்தது இந்த வண்டிகளின் பெட்ரோல் டாங்கில்தான்.

வாரம் இரண்டு கூட்டம்

தொடக்கத்தில் வாரம் இரண்டு முறை, திங்களும் வியாழனும், ஏதாவது ஒரு தேவாலயத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். ஒவ்வொரு தடவையும் வேறு தேவாலயம். ஒரே இடத்தில் நடத்தினால் அது அந்தச் சபையின் போராட்டம் ஆகிவிடும். ஏழு மணிக் கூட்டத்துக்கு மாலை நான்கு, ஐந்துக்கெல்லாம் இடம் நிரம்பிவிடும். முன்கூட்டி வந்தவர்கள் சும்மா காத்திருக்காமல் பாடுவார்கள். சேர்ந்து பாடி, சேர்ந்து ஜெபித்து, அந்த வாரக் கணக்கைக் கேட்டு, நடந்ததைச் சொல்லிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தச் சிரிப்பை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. வெள்ளைக்கார எஜமானிகள் பலர், சமையல்காரி வராவிட்டால் தங்கள் வீடு ஓடாது என்பதால், தாங்களே காரை எடுத்துக்கொண்டு போய் வேலைக்காரிகளை அழைத்து வந்தார்கள். மேயர் இதைக் கண்டித்துப் பேசினார். எங்கள் வீட்டுத் துணியை மேயர் வந்து துவைப்பாரா என்று அந்த எஜமானிகள் திருப்பிக் கேட்டார்கள். ஒரு சமையல்காரி தன் எஜமானியிடம் எவ்வளவு பணிவாகச் சொன்னாராம் தெரியுமா: எங்கள் குடும்பத்துக்கும் இந்தப் புறக்கணிப்புக்கும் சம்பந்தமே இல்லை அம்மா, இந்தத் தொல்லை தீருகிறவரை நாங்கள் பேருந்துப் பக்கமே போகாமல் இருந்துகொள்கிறோம்! இதை நேரில் கேட்டு, பின்னாளில் பதிவு செய்தவர் வர்ஜீனியா டர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. பகலெல்லாம் தலை குனிந்து வேலை செய்தவர்களுக்கு, இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லி வாய்விட்டுச் சிரிக்க மாலையில் ஒரு கூடம் இருந்தது. பகலை அவர்கள் தாங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தக் கூட்டங்களில் நடந்த ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்ப யோசிப்பேன். 1956 ஜனவரியில் நகராட்சி கெடுபிடியைக் கூட்டியது. 26ஆம் தேதி, 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைல் போனார் என்று கிங்கைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் இரவு மிரட்டல் போன் வந்தது. தூக்கம் வராமல் அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எப்படிக் கௌரவமாக இதிலிருந்து விலகலாம் என்று யோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். வயது 27, கைக்குழந்தை உள்ளே தூங்குகிறது. மூன்று நாள் கழித்து, 30ஆம் தேதி, அவர் கூட்டத்தில் இருந்தபோது வீட்டு வாசலில் குண்டு வெடித்தது. மனைவியும் குழந்தையும் தப்பினார்கள்.

அந்த நாள்களில் ஒரு திங்கட்கிழமை அவர் மேடையில் பேசினார். உள்ளுக்குள் பயம், வெளியே தைரியம். கூட்டம் முடிந்ததும் மதர் பொல்லார்ட் என்று எல்லோரும் அழைத்த மூதாட்டி முன்னால் வந்தார். படிக்காதவர், ஏழை. காரில் ஏறிக்கொள்ளச் சொன்னபோது மறுத்து, “கால்தான் வலிக்குது, மனசு ஆறியிருக்கு” என்ற பொருளில் பதில் சொன்னவர் இவர்தான். அந்தப் பதில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அன்றிரவு அவர் செய்த காரியம். “இங்கே வாப்பா” என்று கிங்கைக் கூப்பிட்டு அணைத்துக்கொண்டு, உனக்கு ஏதோ சரியில்லை, இன்றைக்கு உன் பேச்சில் தெம்பு இல்லை என்றார். கிங் சமாளித்துப் பார்த்தார், அவர் விடவில்லை. நாங்கள் செய்வது ஏதாவது உனக்குப் பிடிக்கவில்லையா, வெள்ளைக்காரர்கள் தொல்லை கொடுக்கிறார்களா என்று கேட்டார். கடைசிவரை நாங்கள் உன்னோடு இருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறேனே என்றார். நாங்களே இல்லாவிட்டாலும் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார்.

தலைவருக்குத் தெம்பு இல்லை என்று தொண்டர்களில் ஒருவர் கண்டுபிடிக்கிறார், கண்டுபிடித்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். இது நடக்க வேண்டுமென்றால் இருவரும் வாரம் இரண்டு முறை ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் குரல் எப்போதும் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே இன்றைக்கு அது மாறியிருக்கிறது என்று தெரியும்?

ஜார்ஜியாவின் அடுப்படி

சரி, கோழிக்கு வருவோம். முதல் விற்பனைக்குப் பிறகு ஜார்ஜியா அதை ஒரு ஏற்பாடாகவே மாற்றினார். பெண்கள் அவரவர் வீட்டில் சமைப்பார்கள்: பொரித்த கோழி, மீன், பன்றிக்கறி, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை, கேக். அழகு நிலையங்களில், சலவைக் கடைகளில், டாக்சி நிற்கும் இடங்களில் விற்பார்கள். வாங்கியவர்களில் வெள்ளையர்களும் உண்டு. சமைத்த பெண்களில் பலர் வெள்ளையர் வீட்டு வேலையை நம்பி இருந்தவர்கள், பெயர் வெளியே வந்தால் அடுத்த நாள் வேலை இருக்காது. அதனால் யார் சமைத்தார்கள், யார் வாங்கினார்கள் என்பது ஜார்ஜியா ஒருவருக்கு மட்டுமே தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லலாம். அதையே பெயராக வைத்தார்கள்: கிளப் ஃப்ரம் நோவேர், அதாவது எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம். பயத்தையே ஒரு வேடிக்கைப் பெயராக மாற்றிவிட்டார்கள். எனக்கு இந்தப் பெயர் மீது தீராத பிரியம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஜார்ஜியா எழுந்துபோய் அந்த வார வசூலைச் சொல்லுவார். நூறு டாலருக்கு மேல் போன வாரங்கள் உண்டு. அந்தக் காலத்து வீட்டு வேலைச் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. கூட்டம் எழுந்து நிற்கும், கைதட்டும், காலைத் தட்டும். தேவாலயத்தில் மேடையும் ஒலிபெருக்கியும் ஆண்களிடம் இருந்தன. ஆனால் அந்த நிமிடம் முழுக்கச் சமையல்காரிகளுடையது.

அப்புறம் ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனஸ் ரிக்ஸ் என்ற பெண், ஃப்ரெண்ட்லி கிளப் என்று போட்டிக்கு ஒன்றைத் தொடங்கினார். இந்த வாரம் யார் அதிகம் சேர்த்தார்கள் என்று பார்க்கவே கூட்டத்தில் ஒரு பரபரப்பு. யாரும் தோற்காத போட்டி, இரண்டு பேர் பணமும் ஒரே பெட்டியில்தான் விழுந்தது. கோவில் திருவிழாவில் மேலத் தெருவும் கீழத் தெருவும் போட்டி போட்டுக்கொண்டு பந்தல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உற்சாகம் புரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஜார்ஜியா ஒரு சாந்த சொரூபி என்று எண்ணிவிட வேண்டாம். கனத்த உடம்பு, கூர்மையான வாய், வந்தால் அடங்காத கோபம். 1956 மார்ச்சில் கிங் மீது வழக்கு நடந்தபோது, தன்னைப் பேருந்து விட்டுவிட்டுப் போன கதையைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார். விளைவு, உணவக வேலை போனது. வேறு இடத்திலும் வேலை கிடைக்கவில்லை. அப்போது கிங், நீங்கள் வீட்டிலேயே சமைத்து விற்கலாமே என்று சொல்லி, பாத்திரம் பண்டம் வாங்கப் பணமும் கொடுத்து உதவினார். ஜார்ஜியா அதிகாலையில் எழுந்து சமைப்பார். மதியத்துக்குள் வீடு நிறைந்துவிடும். மேசையில் இடம் இல்லாதவர்கள் கூடத்தில், அடுப்படியில், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே தட்டோடு நிற்பார்கள். பேராசிரியரும் டாக்சி ஓட்டுநரும் போதகரும் வீட்டு வேலைக்காரியும் ஒரே இடத்தில் சாப்பிட்டார்கள். வந்தவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் பரிமாறுவார், கிங்கும் அதற்கு விலக்கில்லை. இரகசியமாகப் பேச வேண்டியதையும் அங்கேயே பேசினார்கள்.

கோபக்காரப் பெண்மணி ஒருவர் ஊருக்கே தெம்பு கொடுக்கும் இடத்தை நடத்தினார் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனச் சமநிலை என்றால் எப்போதும் அமைதியாக இருப்பது, கோபப்படாமல் இருப்பது என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஜார்ஜியாவின் கோபம் எங்கும் போகவில்லை. அதற்கு ஒரு வேலை கிடைத்தது, சுற்றிலும் ஆள்கள் கிடைத்தார்கள். அதனால் அது அவரைத் தின்னவில்லை.

எங்கள் வேலையிலும் சாப்பாட்டின் அருமையைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். செங்கல் சூளையிலிருந்து குடும்பங்களை மீட்டு வரும் நாள்களில் அதிகாலையில் கிளம்பி, அலுவலகம் அலுவலகமாக அலைந்து, நள்ளிரவில் திரும்புவோம். ஆளாளுக்கு எங்கோ ஒரு டீ, ஒரு பன். வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. மூன்று வருடத்துக்கு முன் எங்களில் மூத்த அக்கா ஒருவர், யாரும் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது, என் வீட்டுக்கு வந்து ரசம் சோறாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைப் பேசுவோம். அழுகிறவர்கள் அழுவார்கள், தாசில்தார் அலுவலகத்தில் நடந்ததை யாராவது நடித்துக் காட்டுவார்கள். அதன்பின் யாரும் விலகவேயில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் போனார்கள். ஆனால் சொல்லிக்கொண்டு போனார்கள், இப்போதும் சாப்பிட வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். இந்த அடுப்படி வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. பகலில் கூலிக்குச் சமையல், இரவில் போராட்டத்துக்குச் சமையல். பல வருடம் வரலாற்றுப் புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் அக்கா வீட்டிலும் பாத்திரம் கழுவுவது ஆண்களின் வேலை என்று பிறகு மாற்றிக்கொண்டோம். அந்த மாற்றத்துக்கும் ஒரு சண்டை தேவைப்பட்டது.

சிறை வாசலில் கைதட்டல்

1956 பிப்ரவரி 21ஆம் தேதி, 1921ஆம் வருடத்துப் புறக்கணிப்புத் தடைச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது குற்றம் சாட்டினார்கள். தெற்கத்திய ஊர்களில் கறுப்பினக் குடும்பத்துக்குச் சிறை என்றால் அவமானம், கூடவே உயிர்ப் பயம். போலீஸ் வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராக இழுத்துப் போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ரயில்வே தொழிற்சங்கத் தலைவரான இ.டி. நிக்சன் தானாகவே நடந்துபோய், என்னைத்தானே தேடுகிறீர்கள், இதோ வந்துவிட்டேன் என்று நின்றார். அவர் வெளியே வந்ததும் செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துவது போல நல்ல உடையில் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலில் கூட்டம் கூடிக் கைதட்டியது, கேலியும் சிரிப்புமாக இருந்தது. பட்டியலில் தங்கள் பெயர் இல்லையே என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு. பயமுறுத்த ஆள் அனுப்புவதற்கு முன்பே, பயப்பட வேண்டியவர் சிரித்துக்கொண்டு வந்து நின்றால் அந்தச் சட்டத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இதே மாதிரி இன்னொரு இரவு. நவம்பர் 13ஆம் தேதி, பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அன்றிரவு வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளான் ஆட்கள் நாற்பது கார்களில் கறுப்பினக் குடியிருப்புக்குள் ஊர்வலம் வந்தார்கள். வழக்கமாக அவர்கள் வந்தால் விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, மூச்சுவிடாமல் இருப்பார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் திண்ணை விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. சர்க்கஸ் ஊர்வலத்தைப் பார்ப்பது போல வாசலில் நின்று பார்த்தார்கள். சிலர் கையும் அசைத்தார்கள். சில தெருக்கள் சுற்றிவிட்டுக் கிளான் கார்கள் இருட்டுக்குள் போய்விட்டன. ஒரு தனி மனிதர் தைரியமாக விளக்குப் போட்டால் அது ஆபத்து. தெரு முழுக்கப் போட்டால் கதை வேறு. ஒரு வருடமாக வாரா வாரம் சேர்ந்து பாடியவர்களால்தான் அது முடிந்தது.

அதே நாளில் நகராட்சி கார் ஏற்பாட்டுக்கு நீதிமன்றத் தடை வாங்கிவிட்டது. உச்ச நீதிமன்ற ஆணை கையில் வந்து சேர இன்னும் ஐந்து வாரம். வெற்றி தெரிந்துவிட்ட பிறகும் வண்டி இல்லாமல் நடந்தார்கள். அந்த நாள்களில் தேவாலயத்தில் நாற்காலிகளைப் பேருந்து மாதிரி வரிசையாகப் போட்டு ஒத்திகை பார்த்தார்கள்: ஒருவர் ஓட்டுநர், சிலர் வெள்ளையர், சிலர் தாங்களாகவே. யாராவது திட்டினால் என்ன செய்வது, தள்ளினால் என்ன செய்வது என்று நடித்துப் பழகினார்கள்.

உடைந்தவர்கள்

ரோசா பார்க்ஸ் 1955 ஆகஸ்டில், கைதாவதற்கு நான்கு மாதம் முன்பு, டென்னசியில் ஹைலேண்டர் என்ற நாட்டுப்புறப் பள்ளியில் நடந்த பயிலரங்குக்குப் போயிருந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து தங்கிப் படித்த இடம். காலையில் கண் விழிக்கும்போது காபி மணமும் பன்றிக்கறி பொரியும் மணமும் வரும், அதைச் சமைப்பது வெள்ளைக்காரர்கள், நான் அல்ல என்பதில் ஒரு தனி ஆனந்தம் இருந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தப் பள்ளியை நடத்திய மைல்ஸ் ஹார்ட்டன் பேசியதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்ததையும் நினைவுகூர்ந்திருக்கிறார். அங்கிருந்து கிளம்பும்போது, மாண்ட்கோமரி மக்கள் ஒன்றுபட மாட்டார்கள் என்பதுதான் அவர் எண்ணம்!

போராட்டம் அவரை என்ன செய்தது? 1956 ஜனவரியில் துணிக்கடைத் தையல் வேலை போனது. விமானப்படைத் தளத்தில் முடிதிருத்துநராக இருந்த கணவர் ரேமண்டும் வேலையை விட்டார், தன் மனைவியின் பெயரை அங்கே யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததால். வீட்டுக்கு மிரட்டல் போன்கள். ரேமண்ட் மனமுடைந்து குடியில் விழுந்தார். ரோசாவுக்குக் குடல்புண், தூக்கமின்மை. அவரோ நிதி திரட்ட ஊர் ஊராகப் பேசப் போய்க்கொண்டிருந்தார். எல்லா மேடையிலும் அவர் ஒரு அடையாளம். வீட்டில் வாடகைக்குக் கஷ்டம். எங்கும் சேராதவள், யாருக்கும் உரியவளல்ல என்ற தவிப்பைத் தன் குறிப்புகளில் அவர் எழுதிவைத்திருக்கிறார். 1957இல் குடும்பத்தோடு டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். வெற்றியின் முகமாக இருந்தவருக்கு, சமையல்காரிகளுக்குக் கிடைத்த தோள்கூடக் கிடைக்கவில்லை. கைதட்டல் நிறையக் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. நாம் போற்றுகிறவர்களை நாம் விசாரிப்பதில்லை. பாதிக்கப்பட்டு மீண்டு வந்து துணிந்து பேசும் ஒரு பெண்ணை மேடை மேடையாக அழைத்துப் போகிறோம். அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்க மறந்துபோகிறோம். இந்தத் தவறை நாங்களும் செய்திருக்கிறோம்.

ரோசா பார்க்ஸாவது பிறகு நீண்ட காலம் வாழ்ந்தார், டெட்ராய்ட்டிலும் போராடினார், வயதான காலத்தில் யோகாவும் செய்தார். ஜூலியட் மார்கனுக்கு அது வாய்க்கவில்லை.

ஜூலியட் வெள்ளைக்காரப் பெண், மாண்ட்கோமரி பொது நூலகத்தில் நூலகர். பதற்ற நோய் இருந்ததால் கார் ஓட்ட மாட்டார், பேருந்தில்தான் போவார். அதனால் மற்ற வெள்ளையர் பார்க்காததைத் தினமும் பார்த்தார். முன்வாசலில் காசு போட்டு இறங்கிய கறுப்பினப் பெண்ணை விட்டுவிட்டு வண்டி கிளம்பியபோது, அவசரக் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார். ஆம், ஜார்ஜியாவுக்கு நடந்த அதே கொடுமை. 1955 டிசம்பர் 12ஆம் தேதி உள்ளூர் நாளிதழில் அவருடைய கடிதம் வந்தது. இந்தப் புறக்கணிப்பைக் காந்தியின் உப்பு யாத்திரையோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார். கிங்கே தன் நூலில் இந்தக் கடிதத்தைக் குறிப்பிடுகிறார்.

அதன்பின் ஜன்னலில் கல் விழுந்தது. போனில் வசவு வந்தது. நண்பர்கள் தெருவில் பார்த்தும் பார்க்காமல் போனார்கள். நூலகத்திலிருந்து அவரை நீக்க மேயர் நெருக்கடி கொடுத்தார். 1957 ஜூலையில் அவர் வீட்டு முன்னால், கிளான் பாணி மிரட்டலாக, சிலுவையைக் கொளுத்தினார்கள். மறுநாள் வேலையை விட்டார், அன்றிரவே தன் உயிரையும் விட்டார். 43 வயது.

ஜார்ஜியாவின் வீட்டுக்கும் ஜூலியட்டின் வீட்டுக்கும் நடுவில் அதே பிரிவினைச் சட்டம்தான் நின்றது. கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வாரா வாரம் பாடியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு தோள் இருந்தது. அவர்களுக்காக எழுதிய இந்தப் பெண்ணுக்கு எந்தக் கூடமும் இல்லை. அவர் பலவீனமானவர் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கிங்கே மென்மையான உள்ளம் என்றுதான் எழுதினார். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஓடும் பேருந்தில் தனி ஆளாகக் கயிற்றை இழுத்தவர் அவர். கிங்குக்கு ஒரு மதர் பொல்லார்ட் இருந்தார். ஜூலியட்டிடம், இன்றைக்கு உன் குரல் சரியில்லையே என்று கேட்க யார் இருந்தார்கள்?

ஜோ ஆன் ராபின்சனின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. போலீஸ் உடையில் வந்தவர்கள் அவருடைய காரில் அமிலத்தை ஊற்றிக் கூரையெல்லாம் ஓட்டை போட்டார்கள். அந்தக் காரை அவர் மாற்றவில்லை. உலகத்திலேயே அழகான கார் அதுதான் என்று தோன்ற ஆரம்பித்ததாக எழுதினார், 1960 வரை அதையே ஓட்டினார். அந்த வருடம் கல்லூரி வேலையை விட்டு ஊரைவிட்டும் போனார். ஓட்டைக் காரை நேசிக்கும் அளவுக்கு மனம் தெளிவாக இருந்தும், ஊர் அவரை வாழவிடவில்லை. மகிழ்ச்சி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொன்னால் அது பொய்.

அப்புறம் என்ன ஆனது

1956 டிசம்பர் 21ஆம் தேதி மக்கள் பேருந்தில் முன்னால் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதமே நான்கு தேவாலயங்களில் குண்டு வெடித்தது. ஜார்ஜியா சமையலை நிறுத்தவில்லை. 1957இல் அவர் மகன் வெள்ளையருக்கான பூங்கா வழியாகக் குறுக்கே நடந்ததற்காகப் போலீஸ் அடித்தது. அவர் நகராட்சி மேல் வழக்குப் போட்டார். பூங்காவைப் பிரிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதும், நகராட்சி எல்லாப் பூங்காக்களையும் பல வருடம் இழுத்து மூடிவிட்டது. கில்மோர் எதிர் மாண்ட்கோமரி நகரம் என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1974இல் தீர்ப்பானது. இத்தனை வருடமும் அவர் வீட்டு மேசையில் ஆள்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1990 மார்ச். வாக்குரிமைக்காகச் செல்மா நகரிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த நெடும் பேரணியின் 25ஆம் ஆண்டு. நினைவு நடைக்கு வருகிறவர்களுக்காக ஜார்ஜியா கோழியும் மக்ரோனியும் சமைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையின் நடுவில் உடம்பு முடியாமல் போய் இறந்தார். எழுபது வயது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவர் சமைத்து வைத்திருந்ததையே வீட்டார் எடுத்துப் பரிமாறினார்கள்.